மூட்டைகள் மட்டும்

மலையிலிருந்து எதில் இறங்கி வந்தீர்கள் என்று போக்குவரத்து அதிகாரி சாட்சிகளைக் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேடியப்பனின் வக்கீல் நான். இந்தக் கேள்வி வரும் என்று அவர்களிடம் சொல்லி வைக்கத் தவறியிருந்தேன்.

அவர்கள் ஊருக்குப் பேருந்து கிடையாது. கடுக்காயும் மரவள்ளியும் ஏற்றும் சரக்கு வண்டிகள்தான். தன் வண்டியில் ஆட்களை ஏற்றிக் காசு பார்த்தான் என்று வேடியப்பனின் பர்மிட்டை நிறுத்தியிருந்தார்கள். உயர் நீதிமன்றம் வரை போனோம். அவன் தரப்பையும் கேட்டு முடிவெடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

இன்று தோற்றால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

வேடியப்பன் காசு வாங்கமாட்டார், அவசரத்துக்கு மட்டும்தான் ஏறுவோம் என்று சாட்சிகளில் ஒருத்தியான பாப்பாத்தி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். அவளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுதான் வண்டி பிடிபட்டது. அன்று பிறந்தவன் இடுப்பில் இருந்தான். வேறு யாருடைய சரக்கு வண்டியில் வந்திருந்தாலும் அவள் சொன்னது பொய்யாகிவிடும்.

"நடந்துதாங்க எறங்கினோம். கச்சிராயபாளையத்துல பஸ் ஏறினோம்" என்றாள் பாப்பாத்தி.

அதிகாரி மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சாட்சிகள் நான்கு பேரின் கால்களிலும் கணுக்கால் வரை செம்மண். அவர்களில் சடையன் பெருவிரலில் துணி சுற்றியிருந்தான்.

கோப்பில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பர்மிட்டைத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்ததும், நடந்தே வந்தது நல்ல யோசனை என்று அவர்களைப் பாராட்டினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கச்சிராயபாளையத்தில் என் வீட்டெதிரே வேப்பமரத்தடியில் வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தது. பேட்டரி செத்துப் போயிருந்தது. வேடியப்பன் ஏறி உட்கார, நான்கு பேரும் தள்ளினார்கள். மூன்றாவது தள்ளலில் இருமிக்கொண்டு உயிர் பிடித்தது.

சந்தையில் வாங்கிய மூட்டைகளைப் பின்னால் ஏற்றினார்கள். அடுத்த பிறப்பிலாவது மூட்டையாகப் பிறக்கவேண்டும் என்றான் சடையன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்துவிட்டு நடக்கத் தொடங்கினார்கள்.

இருட்டப் போகிறது, ஏறிக்கொள்ளுங்கள், மலையில் இனி எவன் பார்க்கப் போகிறான் என்றேன்.

பாப்பாத்தி நின்று, நான் கேட்டது புரியாதவள் போலப் பார்த்தாள்.

"இப்ப இன்னாங்க அவசரம்? யாருக்கு வலி எடுத்துக்கினு இருக்குது?"

பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

வேடியப்பன் அவர்களை முந்தவில்லை. விளக்கைப் போட்டான். அவர்கள் முன்னால் நடக்க, வெளிச்சம் காட்டிக்கொண்டு வண்டி பின்னால் மெல்ல ஏறியது.