தோளுக்குப் போகும் கை

சாமிதுரை குரலை உயர்த்தினால் போதும், வீரையனின் வலக்கை இடது தோளுக்குப் போய்விடுகிறது. தோளில் ஒன்றுமே இல்லை. வெறும் சட்டைதான்.

கை போனதும் பேச்சும் போய்விடுகிறது.

கல்லூரிப் பேச்சு மன்றத்தின் செயலாளர் கலந்தருக்கு இது விளங்கவே இல்லை. அவன் இயற்பியல் மாணவன். ரேடியோ கரகரத்தால் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். மேடைக் கோளாறுகளையும் அப்படித்தான் கழற்றுவான். மூச்சு வாங்குகிறவனுக்கு வாக்கியத்தை நறுக்கிக் கொடுப்பான். குரல் எட்டாதவனைக் கடைசி பெஞ்சில் இருப்பவனிடம் பேசச் சொல்வான்.

வீரையனிடம் கழற்ற எதுவுமே இருந்ததில்லை. அவன் பேசினால் விடுதியில் மணி அடித்த பிறகும் ஒருவனும் சாப்பிட எழுந்திருக்க மாட்டான்.

ஆனால் நாளைக் காலை பேச வேண்டியது மேடையில் அல்ல, தாசில்தார் முன்னால்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்த புதிது. பெயர் ஏறிவிட்டால் வீரையனின் தாய் தங்கம்மாளை நிலத்தை விட்டு யாரும் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் குறுவை அறுப்போடு சரி. களத்தில் நெல்லாக அளந்த குத்தகைக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? இவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்று நிலக்காரர் ஒரே பிடியாக நிற்கிறார். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஊரில் ஆள் இல்லை.

காலி வகுப்பறையில் ஒத்திகை. கலந்தர்தான் தாசில்தார். சாமிதுரை நிலக்காரர், வகுப்பிலேயே பெரிய தொண்டை அவனுக்கு.

முதலில் கலந்தரே கத்திப் பார்த்தான். வீரையன் சிரித்துவிட்டான்.

“நீ கத்துனா மெஸ்ல ரெண்டாந்தரம் சாம்பார் கேக்குற மாதிரி இருக்குடா.”

சாமிதுரை கத்தினான். கை தோளுக்குப் போனது. “இல்லீங்க…” என்று தொடங்கி அங்கேயே நின்றான் வீரையன்.

கலந்தரை டா போடுகிறவன் சாமிதுரையை மட்டும் எப்போதும் ‘நீங்க’ என்றுதான் சொல்வான். கூச்சம் என்று நினைத்திருந்தான் கலந்தர்.

கைக்கு ஒரு வேலை கொடுத்தால் நிற்குமோ என்று ஒரு சாக்பீஸைப் பிடிக்கச் சொன்னான். சாமிதுரை கத்தினான். கை சாக்பீஸோடு தோளுக்குப் போனது. சட்டையில் வெள்ளைக் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

சாமிதுரை எழுந்து வந்தான்.

“கைய விடு கலந்தர், கோளாறு காதுல. வீரையா, நான் இப்ப என்ன சொல்லிக் கத்துனேன்?”

வீரையன் விழித்தான். “சத்தம்தாங்க கேட்டுது.”

“அதான். பதில் தேடாத. கேளு.”

மறுபடியும் கத்தினான்.

“ஒங்கப்பன் காலத்துலேருந்து ஒரு போகமாச்சும் குத்தகைய முழுசா அளந்திருக்கீங்களாடா? எனக்கு எதிர வந்து நிக்கிறியா?”

கலந்தர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். கூலிக்காரன் எங்கேயாவது குத்தகை அளப்பானா? ரசீதே வேண்டாம். எதிராளி ஆத்திரத்தில் தானே கொடுத்துவிடுகிறார். அதை வாங்கிக்கொள்ள ஒரு காது இருந்தால் போதும். என்ன அழகான பொறி!

“சரி, நாளைக்கு அந்தாளு இதையேதான் சொல்லுவாருன்னு ஒனக்கு எப்புடிடா தெரியும்?”

வீரையனின் தோளில் இருந்த சாக்பீஸ் தூளைச் சாமிதுரை தட்டிவிட்டான்.

“தெனம் சோத்துக்கு உக்காந்தா வீட்ல இதானே பேச்சு. கோவம் வந்தா அப்பாவுக்கு வேற வார்த்த வராது.”

ஊரில் வீரையனின் அந்தத் தோளில் ஒரு துண்டு கிடக்கும். சாமிதுரை வீட்டு வாசலில் அது கைக்கு இறங்கிவிடும். கலந்தர் தாசில்தார் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

சாமிதுரை கடைசி முறையாக, அடிவயிற்றிலிருந்து கத்தினான். வீரையன் அவன் வாயையே பார்த்துக்கொண்டு கடைசிச் சொல் வரைக்கும் கேட்டான். பிறகு தாசில்தார் பக்கம் திரும்பினான். இரண்டு கைகளும் கீழேயே இருந்தன.

“குத்தகைய கொறச்சு அளந்தோம்னு ஐயாவே சொல்றாங்க. அத அப்புடியே எழுதிக்குங்க சார்.”