ஈரம் காயாத இரண்டு சுருள்கள்

‘5.8.1996, திங்கள். இன்று ஒரு சிறு தவறு. கடை டெலிபோன் பெட்டியில் ஒரு ரூபாய்க் காசு 249 இருந்தது. கடைப் பரணில் ஒரு தூக்குச்சட்டியில், எப்போதோ மறந்து வைத்தது 101 கிடைத்தது. ஐம்பது ஐம்பதாகச் சுருட்டியபோது அதில் ஒன்று குறைந்தது, இதில் ஒன்று மீந்தது. மீந்ததைக் குறைந்ததில் சேர்த்து, ஏழு சுருளையும் வங்கியில் கட்டிவிட்டேன். தனியாகக் குறித்திருக்க வேண்டும்.’

எழுதிவிட்டு தாரணி நிம்மதியாகத் தூங்கினாள். அன்றைய பிழையை அன்றே எழுதிவிட வேண்டும் என்பது லஸ்ஸில் அவள் போய்வரும் மாலை நேரக் கணக்கு வகுப்பின் முதல் பாடம்.

பெரிய பிழை எது என்று மறுநாள் காலை, கடை திறந்த கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

அவள் வேலை பார்க்கும் பாத்திரக் கடையின் முதலாளி பேச்சியம்மாள் பரணிலிருந்து காலித் தூக்குச்சட்டியோடு இறங்கினார்.

அது மறந்து வைத்த காசு இல்லை. திருச்செந்தூர் முருகனுக்கு எடுத்து வைத்தது. புதன் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது.

வேறு காசு வைத்தால் ஆகாதா என்று தாரணி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

“வேண்டிக்கிட்டது அந்தக் காசத்தான் ஏட்டி. அது இல்லாம அங்க போயி என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?”

சாமிக்கு எடுத்து வைத்ததைப் படத்துக்குக் கீழே வைக்காமல் பரணில் ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று தாரணிக்குத் தோன்றியது. கேள்வி கேட்கும் நிலையில் அவள் இல்லை.

இருவரும் வங்கிக்கு ஓடினார்கள். மயிலாப்பூரில் பேச்சியம்மாள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

கேஷியர் ஷரஃபுதீன் மற்றவர்களின் சில்லறையைக் கொட்டித்தான் எண்ணுவார். தாரணியின் சுருளை மட்டும் உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளிவிடுவார். நீ கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டிய பெண் என்று ஒருமுறை சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நம்பித்தான் தாரணி ஜூன் மாதம் வங்கி கிளார்க் பரீட்சை எழுதினாள். செப்டம்பரில் முடிவு. ஒரு நாளைக்கு நான்கு முறை பாஸ் என்று தோன்றும், ஐந்து முறை ஃபெயில் என்று தோன்றும்.

நேற்றைய காசு நேற்றே மூட்டையாகி இரும்புப் பெட்டிக்குப் போயிருக்கும். தெரிந்துதான் வந்திருந்தார்கள்.

தாரணி நடந்ததை முதலிலிருந்து, வரிசையாக, அந்த ஒற்றைக் காசு உட்படச் சொன்னாள். ஷரஃபுதீன் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையை நீட்டி, ஜன்னல் விளிம்பிலிருந்து இரண்டு சுருள்களை எடுத்தார்.

“கழுவுனியா இன்னா? ஈரமா கீதேன்னு காய வச்சேன்.”

தூக்குச்சட்டிக் காசு தூசியாக இருந்ததால் அதை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். அது தவறா இல்லையா என்று முடிவுக்கு வர முடியாததால் டயரியில் எழுதாமல் விட்டிருந்தாள்.

பேச்சியம்மாள் இரண்டையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் நூற்றொன்றாவது காசு ஞாபகம் வந்தது. அது மற்ற ஐந்து சுருள்களில் ஒன்றோடு மூட்டைக்குள் போய்விட்டது. நூறே போதுமா என்று கேட்டார். அதை வங்கி சொல்ல முடியாது, முருகன்தான் சொல்ல வேண்டும் என்றார் ஷரஃபுதீன். தட்டிலிருந்து ஒரு காசை எடுத்து வைத்து, இது அதுதான் என்று தன்னால் சொல்ல முடியாது, அது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். பேச்சியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏற்றுக்கொண்டார். நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் கசங்கிய ஒரு ரூபாய் நோட்டு ஒன்றும் கம்பிக்குள் போயின.

மேனேஜர் கேட்டால் ஏதாவது காரணம் சொல்ல வேண்டும், அப்படி என்ன வேண்டுதல் என்று விசாரித்தார் ஷரஃபுதீன்.

பேச்சியம்மாள் தாரணி பக்கம் திரும்பினார். மூலையில் பானை இருக்கிறது, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா என்றார்.

தாகமில்லாமலே தாரணி போய்க் குடித்தாள்.

பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினார். பன்னிரண்டு வருஷமாக பஸ் இரைச்சலுக்கு மேலே பேரம் பேசிய குரல். தாழ்த்தியும் பானையைத் தாண்டிப் போனது.

“இந்தப் பிள்ள பேங்கு பரிட்ச எழுதியிருக்கு சார். பாசாயிரக் கூடாது. இது போயிட்டா என் கடையில யாரு இப்படிக் காசு எண்ணுவா?”

டம்ளர் தாரணியின் உதட்டிலேயே நின்றது.

சரக்கு வருவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுவது பேச்சியம்மாளின் வழக்கம். முருகனுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஷரஃபுதீன் பானைப் பக்கம் பார்க்கவே இல்லை. அவ்வளவு நீளமாக எழுத இடமில்லை, நேர்த்திக்கடன் என்று மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

திரும்பும் வழியில் பேச்சியம்மாள் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். காலையில் கத்தியது மனசில் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தில் ஐம்பது ரூபாய் கூட்டித் தருவதாகவும் சொன்னார். தாரணி எல்லாவற்றுக்கும் தலையாட்டி, அதையும் குடித்து முடித்தாள். பேச்சியம்மாள் அக்கா மேல் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். சரியாகப் பிடிபடவில்லை.

‘6.8.1996, செவ்வாய். இன்று தவறு எதுவும் இல்லை. காதில் விழுந்தது தவறில் சேருமா என்று தெரியவில்லை.

நாளை: ஷரஃபுதீன் சாரிடம் 151 ரூபாய்க்கு ஒரு ரூபாய்க் காசு வாங்க வேண்டும். மஞ்சள் துணியில் முடிந்து வைக்க வேண்டும். ரயிலுக்கு முன்னால் அக்காவிடம் கொடுத்து, திருச்செந்தூர் உண்டியலில் என் வேண்டுதலாக இதையும் போட்டுவிடச் சொல்ல வேண்டும்.’