ரோஸ் குஞ்சுகள்

பருந்து தூக்கக் கூடாதென்று அங்கம்மாள் எட்டுக் குஞ்சுகளுக்கும் ரோஸ் சாயம் பூசியிருந்தாள். கொல்லைக்கு மேலே பறந்து காவல் காக்கும் எந்திரத்துக்கு ரோஸ் நிறக் கோழி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது தாய்க்கோழியின் தலைக்கு மேல் மட்டும் நின்றது. எந்திரம் வந்த தைரியத்தில் குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையை அவர்கள் அடுப்பில் வைத்து எரித்துவிட்டிருந்தார்கள்.

மூன்றாவது குஞ்சையும் பருந்து தூக்கியது. மற்றவை சிதறி ஓடின.

"அந்தா கொண்டு போகுதே! உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று எந்திரத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"கோழி பத்திரமாக இருக்கிறது," என்றது எந்திரம்.

கைக்குச் சிக்கிய ஒரு குஞ்சை அவள் கணவன் ராக்கப்பன் வாளித் தண்ணீரில் முக்கிச் சோப்புப் போட்டான்.

"சாயம் போக மாட்டேங்குது புள்ள."

"விடாமத் தேய்ங்க!"

தேய்த்தான். கடைசியில் சாயம் வெளுத்தது. எந்திரம் அவன் கையருகே இறங்கி வந்து பார்த்தது.

"இது கோழிக்குஞ்சு," என்றது. "இறந்துவிட்டது."