வாரண்டி இருக்கு

"வாரண்டி இருக்கும்போது நீங்க எதுக்கு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிட்டு வர்றீங்க? கம்ப்ளைண்ட் குடுத்தாச்சு."

மனைவி சொன்னது டி.வி. மெக்கானிக்குக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பது வருஷமாக ஊரார் வீட்டுப் பெட்டிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்தவர், சொந்த வீட்டு வீடியோ கேமைத் தொடக்கூடாதாம்! அதுவும் வெளிநாடு போன மகன் விட்டுப்போனது. விளையாடக்கூட ஆளில்லை.

அவள் சமையலறைக்குள் போன நேரம் பார்த்து, டிஸ்க் போடும் இடுக்கில் டார்ச் அடித்தார். உள்ளே குறுக்கே கிடந்தது ஒரு கொண்டை ஊசி. அவளுடையது.

கூப்பிட்டுக் கேட்பதற்குள் போன் அடித்தது. ஓடிவந்து எடுத்தாள்.

"அம்மா, வாரண்டி என் நம்பர்ல இருக்குல்ல? ஒவ்வொரு தடவை ஆள் வரும்போதும் ஓடிபி எனக்குத்தான் வரும், நான்தான் கூப்பிட்டுச் சொல்லணும். எழுதிக்கோ."

"எழுதறேன்டா கண்ணா. சாப்பிட்டியா? குரல் ஏன் கம்மியிருக்கு? பேசி ரெண்டு மாசமாச்சேடா..."

அவள் பேனாவைத் தேடவே இல்லை.

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். ஊசியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, போனுக்குக் கை நீட்டினார்.

"எனக்கே பிடிபடலடா. பெரிய கோளாறு. நாலஞ்சு தடவையாவது ஆள் வரவேண்டியிருக்கும்போல."