அசல் வரிசை

“இது கொலைம்மா. பச்சைக் கொலை!”

திறந்த பானெட்டுக்குள் டார்ச் அடித்தபடி சொன்னார் ரஸ்ஸல். பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் தலைவர். அவருக்குப் பின்னால் கமிட்டி உறுப்பினர்கள் ட்வைட்டும் லார்னும் ஆளுக்கொரு பட்டர் டார்ட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

டார்ட் சுட்டதும் மார்லீன்தான். கொலை செய்ததும் மார்லீன்தான். எண்ணெய்த் துணியும் கையுமாகத் தன் வீட்டு கராஜ் மூலையில் ஒதுங்கி நின்றாள்.

குவெல்ஃப் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி அது. அறுபத்தைந்தாம் வருஷத்து இங்கிலாந்துக்காரி, இரண்டே இருக்கை. வெளியே பனி கொட்டிய ஆறு குளிர்காலமும் இந்தக் கராஜில் மல்லாந்து கிடந்து அதற்கு உயிர் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளப் கண்காட்சி. ஒரு பாகம்கூட மாற்றாத வண்டிகளுக்கென்று புல்வெளியில் ‘அசல் வரிசை’ என்று ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு தடவை தன் வண்டி நிற்க வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அவள் பார்க்கிங்கில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள்.

அதைப் பார்க்கத்தான் தங்கை ஜாய்ஸ் ஹாலிஃபாக்ஸிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தாள்.

“சாவியைத் திருப்பினதும் கிளம்பிடுச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம்” என்றார் ரஸ்ஸல். “காலையிலேர்ந்து தூறிக்கிட்டிருக்கு. தூறல்ல ஒரு அசல் வண்டி முதல் தடவையிலேயே கிளம்புமா? பாயின்ட் செட் எங்கம்மா?”

“எடுத்துட்டேன், ரஸ்ஸல். அதுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருக்கேன். பழசு கொஞ்சம் ஈரம் பட்டாலே மக்கர் பண்ணும். உங்களுக்குத் தெரியாததா?”

“மக்கர் பண்றதுதான் அதோட குணம்! அதுதான் இந்த வண்டியோட ஆத்மா!”

“ஆத்மா நடுரோட்டுல நின்னுட்டா, பின்னாடி வர்ற லாரிக்காரன் கும்பிட்டுட்டா போவான்?” என்றாள் ஜாய்ஸ்.

“இது யாரு?”

“என் தங்கச்சி.”

“சோதனை நடக்கும்போது வெளியாளுங்க பேசக் கூடாது.”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க ரெண்டு முட்டியும் கம்பெனியில வந்ததா, நடுவுல மாத்தினதா?”

லார்னுக்குப் புரையேறியது.

ரஸ்ஸல் காதில் விழாதவர்போல, குச்சி முனையில் கட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் நீட்டினார். அங்கே ஒரு குறை சொல்ல முடியவில்லை. திருகாணித் தலைகள்கூட அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் பார்த்தனவோ அந்தப் பக்கமே பார்த்தன. ஏமாற்றத்தோடு எழுந்து மறுபடி பானெட்டுக்கு வந்தார். சிவப்பும் கறுப்புமாக இரண்டு புது ஒயர்கள். ஒளிவு மறைவே இல்லாமல் பளிச்சென்று கிடந்தன.

லார்னும் குனிந்து பார்த்தார். “அடக் கடவுளே, பழைய மூடிக்குள்ள தள்ளி மறைக்கக்கூடவா தோணல?”

ரஸ்ஸல் சட்டென்று திரும்பினார். “என்ன சொன்னே?”

“வெட்கமே இல்லையேன்னு சொன்னேன்.”

“ம். மார்லீன், விதி தெரியுமில்ல? எங்க மூணு பேர்ல ஒருத்தர் சரின்னு சொன்னாலும் உன் வண்டி புல்வெளிக்கு வரலாம். என் முடிவு, கூடாது. ட்வைட்?”

ட்வைட் கராஜ் கூரையை வெகுநேரம் ஆராய்ந்தார்.

“கூடாது.”

“லார்ன்?”

“கூடவே கூடாது! இன்னிக்கு இதை விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ஆரம்பிச்சுடுவாங்க!”

ரஸ்ஸல் பெருமையோடு தலையாட்டினார். “கிளப்புல இருக்கிற அத்தனை வண்டியையும் நானே குனிஞ்சு பார்த்திருக்கேன். ஒண்ணுலகூட ஒரு புது ஒயர் கிடையாது. அந்தப் பேரை உனக்காகக் கெடுத்துக்க முடியாதும்மா. நீ வழக்கம்போல பார்க்கிங்குக்கு வந்துடு. டிக்கெட் கிழிக்க ஆள் இல்ல.”

மார்லீன் ட்வைட்டைப் பார்த்தாள். அவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கவில்லை. லார்னைப் பார்த்தாள். அவர் இன்னும் இரண்டு டார்ட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், “சரி, ரஸ்ஸல்” என்றாள்.

அவர்கள் போனதும் ஜாய்ஸ் வெடித்தாள்.

“இதைப் பார்க்கவா நான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தேன்? நாலு வார்த்தை திருப்பிக் கேட்கத் தெரியாதா உனக்கு?”

மார்லீனின் கண் கலங்கித்தான் இருந்தது. துடைத்த மட்கார்டையே மறுபடி துடைத்தாள்.

“என்னத்தைக் கேட்க? லார்ன் வண்டிக்கு இதே இக்னிஷனை நான்தான் போட்டுக் குடுத்தேன். இதே கராஜ்ல. ட்வைட்டுக்கும் நான்தான். ரஸ்ஸல் ஒருத்தரைத் தவிர மொத்த கிளப்பும் இங்க வந்திருக்கு, ஜாய்ஸ். ஒவ்வொருத்தரா வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, ‘வெளியே மூச்சு விட்டுடாதே மார்லீன்’னு கையைப் பிடிச்சுக்குவாங்க. எல்லாருக்கும் பழைய மூடிக்குள்ள மறைச்சுத்தான் குடுத்தேன். என் வண்டிதானேன்னு இதை மட்டும் மறைக்கல.”

ஜாய்ஸ் வாயைப் பிளந்தாள். “அடிப்பாவி! அதை அந்த ஆள் முன்னாடி போட்டு உடைச்சிருக்க வேண்டியதுதானே?”

“உடைச்சா ஒருத்தன் வண்டியும் உள்ளே வராது. அசல் வரிசைக்கு மிஞ்சறது ரஸ்ஸலோடது மட்டும்தான்.”

மார்லீன் பானெட்டை மெதுவாக மூடினாள்.

“பாவம், கிழவர் ஒத்தையாளா அதை எப்படித் தள்ளிக்கிட்டு வருவார், சொல்லு?”