எழுதாத சறுக்கல்

“தப்பு என்னோடதுதான்” என்றார் உர்மாஸ், மைக்கைப் பிடித்துக்கொண்டு.

கூடத்தில் காபி உறிஞ்சும் சத்தம்கூட நின்றுவிட்டது.

பனிக்காலத்தில் சாலைகளைப் பார்த்துக்கொள்கிற ஐந்து நாட்டு ஆட்கள் கூடிய கூட்டம் அது. ஒருவர் அனுபவம் இன்னொருவருக்கு உதவட்டும் என்று பின்லாந்துக்காரர்கள் கூட்டியது. காலையிலிருந்து பேசிய எல்லாரும் தங்கள் வெற்றிகளைத்தான் படம்போட்டுக் காட்டினார்கள். எஸ்தோனியாவிலிருந்து கப்பலேறி வந்த உர்மாஸ் மட்டும் இப்படி ஆரம்பித்தார்.

“போன ஜனவரி. ஈரப்பனி கொட்டுது. ரோட்டோர சென்சார் குளிர் மைனஸ் ஒரு டிகிரின்னு காட்டுச்சு. அதை நம்பி, பனி உருக லேசா உப்பு போட்டா போதும்னு முடிவாச்சு. ஆனா சென்சார் இருந்தது பாலத்துலேர்ந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி. பாலத்துக்கு அடியில மண்ணா இருக்கு? மேலேயும் காத்து, கீழேயும் காத்து. அது மைனஸ் அஞ்சுல கிடந்தது. உருகின தண்ணி திரும்ப உறைஞ்சு கண்ணாடியாயிடுச்சு. ரொட்டி ஏத்தி வந்த வேன் ரெண்டு சுத்து சுத்தி, கைப்பிடிக் கம்பியில மோதி நின்னுது.”

“யாருக்காவது அடி?” என்று ஒரு குரல்.

“இல்லை. அதனால யாரும் எங்கேயும் எழுதி வைக்கலை. அதுதான் ரெண்டாவது தப்பு. முதல் தப்பைவிடப் பெரிசு.”

முன்வரிசையில் ரைமோ உரக்கச் சிரித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐலாவின் மேலதிகாரி அவர். அக்டோபர் வரை அவளுடைய வட்டாரத்துச் சாலைகளைக் கவனித்தவர் அவர்தான். அவருக்குப் பதவி உயர்ந்ததால்தான் அந்த நாற்காலி ஐலாவுக்குக் கிடைத்தது.

“பாலம் சீக்கிரம் உறையும்னு எங்க ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியுமே! நானா இருந்தா அன்னிக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பேன்” என்றார் ரைமோ.

கூடமே சிரித்தது. உர்மாஸ் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

ஐலாவுக்கும் உர்மாஸ்மேல் எரிச்சல்தான். இந்த மனுஷரை நம்பியா ஜனங்கள் வண்டியோட்டுகிறார்கள்?

ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஈரப்பனி. அவள் வட்டாரத்திலும் ஆற்றுப்பாலம் இருக்கிறது. சென்சார் தள்ளி, பெட்ரோல் பங்க் பக்கம். காலையில் அவளும் லேசாகத்தான் உப்பு போடச் சொல்லியிருந்தாள்.

இரண்டு மணிக்குப் பள்ளி பஸ் அந்தப் பாலத்தைத் தாண்டும். ஜன்னலோர சீட்டில் அவள் மகள் சைமி இருப்பாள்.

மணி ஒன்று முப்பத்தைந்து.

கூடத்துக்கு வெளியே ஓடிவந்து, அவள் வட்டாரத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற யோர்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

“சென்சார் என்ன காட்டுது?”

“மைனஸ் ஒண்ணு.”

“அதை விடுங்க. பாலத்துக்குப் போய் தெர்மாமீட்டரை வெச்சு அளந்து சொல்லுங்க. உடனே!”

“குடிச்சிட்டிருந்த சூப்பைக் கீழே வெச்சுட்டேன். இதோ கிளம்பறேன்.”

பள்ளிக்குப் போன் அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. பஸ் டிரைவருக்கு அடித்தாள். அவரும் எடுக்கவில்லை, ஓட்டிக்கொண்டிருப்பார். ஒன்று ஐம்பத்தாறுக்கு போன் அடித்தது.

“ஐலா, மைனஸ் அஞ்சு! நிக்க முடியலை, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசறேன்.”

“லாரியைக் குறுக்கே போடுங்க! பஸ் வரும்!”

“மேட்டுல வெளிச்சம் தெரியுது... வைக்கிறேன்!”

அழைப்பு அறுந்தது. ஐலா திரும்ப அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாட்டியிருந்த கோட்டுகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்தாள். எட்டு நிமிடம். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

பிறகு யோர்மா.

“நிறுத்திட்டேன். நூறு மீட்டர் முன்னாடியே நின்னுடுச்சு. பசங்க உள்ளேயிருந்து எனக்குக் கை காட்டுதுங்க. மணல் வண்டியை வரச் சொல்லிட்டேன். மணல் போட்டப்புறம்தான் பஸ்ஸை விடுவேன்.”

ஐலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யோர்மா, இங்கே எஸ்தோனியாக்காரர் உர்மாஸ்னு ஒருத்தர் தன் தப்பைச் சபையில சொன்னார். பாலத்தை அளக்காம விட்டு, ஒரு ரொட்டி வேன் சுத்தின கதை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் மனசுக்குள்ள திட்டினேன். அவர் மட்டும் சொல்லலைன்னா...”

“ரொட்டி வேனா?” என்றார் யோர்மா. “தன் தப்புன்னா சொன்னார்?”

“ஏன், அவரைத் தெரியுமா?”

“போன ஜனவரியில நம்ம வேலையைப் பார்க்க ரெண்டு வாரம் இங்கே வந்திருந்தாரே! வேன் சுத்தினது இதே பாலத்துலதான். ரைமோ உங்ககிட்ட சொல்லியிருப்பாரு, தெரிஞ்சுதான் லேசா உப்பு போதும்கறீங்கன்னு நினைச்சேன்.”

“அப்ப அந்தத் தப்பு?”

“உர்மாஸ் என்ன தப்பு பண்ணாரு? என் லாரியில பக்கத்து சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, ‘பாலத்தை ஒரு தடவை அளந்துடலாம்’னு ரைமோகிட்ட போன்ல கெஞ்சினவரே அவர்தானே!”