கடல் எப்படி இருக்கு?

"கண்ணால் கண்டால் அது அறிவாகிவிடுமா?" என்று மெய்யியல் விரிவுரையாளர் கேட்டுக்கொண்டிருந்தபோது அர்ஷாத்தின் போன் அதிர்ந்தது. உம்மாதான். அவன் அனுமதி கேட்டுவிட்டு வெளியே ஓடினான்.

"மகன், சுமாத்ராப் பக்கம் நிலம் நடுங்கினதாம். கடல் எப்பிடி இருக்கு?"

"பொறுங்க உம்மா, பாத்துட்டுச் சொல்றன்."

அவன் முகத்தைக் கண்டு பயந்துபோன நண்பன் மதுஷனும் பின்னாலேயே ஓடிவந்தான். அர்ஷாத் படிகளில் பாய்ந்து மேல்மாடிக்கு ஏறினான். போனில் உம்மா கலிமா ஓதுவது மதுஷனுக்கும் கேட்டது.

"சொல்லு மகன், நான் வெளிக்கிட்டு ஓடட்டா?"

"கொஞ்சம் பொறுங்க உம்மா... இல்ல, ஒண்டும் இல்ல. கடல் சும்மா கிடக்கு. பயப்பிடாம இருங்க."

அவன் போனை வைத்தான். மதுஷன் யன்னல் வழியே எட்டிப் பார்த்தான். வெளியே கண்டி மலைகள்தான் தெரிந்தன. அர்ஷாத்தின் முன்னால் இருந்த கணினித் திரையில் சுனாமி எச்சரிக்கைப் பக்கம் திறந்திருந்தது.

"உங்கட உம்மா எங்கடா இருக்கிறா?"

"கல்முனையில. கதவத் திறந்தா கடல்தான்."

"அப்ப அவவே எட்டிப் பாக்கலாமே? இங்க இருக்கிற உன்னை ஏன் கேக்கிறா?"

அர்ஷாத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சுனாமி வந்த அண்டைக்கும் அவ கண்ணாலதான் பாத்தா. கடல் உள்ள போய், மணல்ல மீன் துள்ளிக்கிட்டுக் கிடந்திச்சி. 'வடிவா இருக்கு, ஓடிப்போய்ப் பாரு' எண்டு என்ட தங்கச்சிய அனுப்பினதும் அவதான்."